கத்தி முதல் இரவுக் கருவி வரை: காட்டுச் சாமான்களைச் சோதித்து வாங்கும் வழி

சில வருடங்களுக்கு முன் ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு ஒரு டார்ச் வாங்கினேன். பெட்டியில் 90,000 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. காரில் பழைய மாதிரி ஹாலஜன் பல்ப் ஒன்று ஹைபீமில் தருவது சுமார் 1,650 லூமன். காருக்கு இரண்டு பல்ப் என்று வைத்தால், அந்தக் கணக்குப்படி 27 கார்களின் ஹைபீம் என் உள்ளங்கைக்குள் இருந்திருக்க வேண்டும். தெருமுனை வேப்ப மரம்கூட ஒழுங்காகத் தெரியவில்லை. கழற்றி உள்ளே இருந்த பேட்டரியை எடுத்தேன். மேலே 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தது. சமையலறைத் தராசில் வைத்தால் 28 கிராம். 18650 என்று சொல்லப்படும் அந்த அளவுப் பேட்டரி (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம்) உண்மையானதாக இருந்தால் 45 கிராமை ஒட்டி இருக்கும். நல்ல கம்பெனிப் பேட்டரியே 3,500 எம்ஏஎச் பக்கத்தில்தான் நிற்கும்.

அன்று முதல் பெட்டியில் இருக்கும் எண்ணை நான் பேச்சுக்குக்கூட நம்புவதில்லை. இந்தத் துறையில் எல்லாச் சாமானுக்கும் ஒரு கவர்ச்சி எண் உண்டு. டார்ச்சுக்கு லூமன், பைனாகுலருக்கு மடங்கு, கத்திக்கு எஃகின் பெயர், வெப்பத்தைப் பார்க்கும் தெர்மல் கருவிக்குக் கிலோமீட்டர். அந்த எண்ணுக்குப் பின்னால் உண்மை இருக்கிறதா என்று கடையிலோ வீட்டு மாடியிலோ நாமே பார்த்துவிடலாம். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம், பிறகு பர்ஸ்

இந்தச் சாமான்களில் பாதி ஐரோப்பிய, அமெரிக்க வேட்டைக்காரர்களை மனத்தில் வைத்து உருவானவை. அங்கே உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு என்று விதிகளுக்குள் வேட்டை நடக்கிறது. நம் ஊரில் கதை வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. கொல்வது மட்டும்தான் வேட்டை என்று நினைக்க வேண்டாம். பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது எல்லாமே அந்தச் சொல்லுக்குள் அடக்கம். ஆகவே இங்கே இந்தச் சாமான்கள் பறவை பார்ப்பதற்கும், மலை நடைக்கும், காட்டோரத் தோட்டத்தில் இரவுக் காவலுக்கும்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதே சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் கத்தியும் இருக்கிறது. தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு போகக் கூடாது. சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால், 'பழம் நறுக்க வைத்திருக்கிறேன் சார்' என்பது நிற்காத வாதம். வழிகாட்டியாக வரும் வனப் பணியாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் கத்தி அறையிலேயே இருக்கட்டும்.

சரணாலயத்துக்கு வெளியே, ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு அகலமான அலகு கொண்ட கத்திகள் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு மட்டும் விலக்கு. சினிமாவில் வரும் பெரிய 'சர்வைவல்' கத்தியை ஆசைப்பட்டு வாங்கி, பஸ்ஸில் போலீஸ்காரருக்கு விளக்கம் சொல்ல வேண்டுமா? விமானத்தில் எந்தக் கத்தியும் லக்கேஜில்தான் போக வேண்டும். கைப்பையில் வைத்தால் அதோடு விடைபெற்றுக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. சாட்டிலைட் போனையும், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவிகளையும் இந்தியாவுக்குள் அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது. அதைத் தெரியாமல் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட பயணிகள் உண்டு.

காட்டுக்குள் நடப்பதற்கே அனுமதி வேண்டும் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. எந்தத் தடத்தில் போகப் போகிறீர்கள், பகலா, மழைக்காலமா என்பது முடிவான பிறகே சாமான் பட்டியல் போடுங்கள். பகல் தடத்துக்கு இரவுக் கருவியைச் சுமப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பிரிப்பதில் என் கணக்கு இது. பத்து ரூபாய் இருந்தால் ஆறு ரூபாய் பைனாகுலருக்கு, இரண்டு ரூபாய் விளக்குக்கு, ஒரு ரூபாய் கத்திக்கு. மீதி ஒரு ரூபாய், அட்டைப்பூச்சி ஏறாமல் தடுக்கும் அட்டைக் காலுறை மாதிரி சில்லறைக்கு. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கத்திதான் கையில் எடுத்ததும் வீரமாக இருக்கிறது, என்ன செய்ய!

பைனாகுலர்: அவசரப்படக் கூடாத இடம்

8×42 என்று எழுதியிருந்தால், 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மி.மீ. கணக்கில். பெரும்பாலானவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. அவ்வளவு மி.மீ. அகல ஒளிக்கற்றை உங்கள் கண்ணுக்குள் வரும். இருட்டில் இளைஞர்களின் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும், வயதாக ஆக 5 மி.மீ. பக்கம் சுருங்கிவிடும். 10×25 என்ற குட்டிப் பைனாகுலரில் கிடைப்பது வெறும் 2.5 மி.மீ. உச்சி வெயிலில் வித்தியாசமே தெரியாது. அந்தி சாய்ந்ததும் தெரியும்.

வால்பாறையில் ஒரு மாலை இதை நேரில் பார்த்தேன். ஆறேகால் மணி இருக்கும். தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் ஓர் அத்தி மரத்தில் பெரிய இருவாச்சி வந்து உட்கார்ந்தது. நண்பர் கையில் 10×25, என் கையில் 8×42. அவருக்கு ஒரு கறுப்புப் பொதி மாதிரித்தான் தெரிந்தது. என்னுடையதை வாங்கிப் பார்த்தவர், "கண்ணு வெள்ளையா இருக்குங்க" என்றார். ஆண் இருவாச்சிக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை. மடங்கு குறைந்த கருவியில்தான் அது பெண் பறவை என்பதே தெரிந்தது.

மடங்கு கூடினால் கை நடுக்கமும் அதே மடங்கு கூடும். முதல் பைனாகுலர் வாங்குபவருக்கு நான் 8×42 சொல்வேன். எடை பொறுக்காதவருக்கு 8×32. திறந்தவெளியில் ஏரிப் பறவை பார்ப்பவர் 10×42க்குப் போகலாம். '20-180×100' என்றெல்லாம் ஜூம் போட்டு விற்பவற்றின் பக்கமே போக வேண்டாம்.

சரி, கடையில் எப்படிச் சோதிப்பது?

முதலில் முன் கண்ணாடியில் டியூப்லைட்டின் பிரதிபலிப்பைப் பாருங்கள். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலரின் ஒரு குழலுக்குள் இப்படிப் பத்துப் பரப்பு இருந்தாலே மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடுகிறது. இதைத் தடுக்கும் பூச்சை 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்தார். நல்ல பூச்சு இருந்தால் டியூப்லைட் மங்கலாக, பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். வெள்ளை வெளேரென்று தெரிந்தால் அந்தப் பரப்பில் பூச்சு இல்லை. கண்ணாடியே மாணிக்கம் போலச் சிவப்பாக மின்னினால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். சிவப்பு ஒளியை வெளியே தள்ளிவிட்டு உங்களுக்குப் பச்சை படிந்த உலகத்தைக் காட்டும் வித்தை அது.

அடுத்து, பைனாகுலரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வெளிச்சமான வானத்தைக் காட்டுங்கள். கண் வைக்கும் பக்கத்தில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் உள்ளே இருப்பது மட்டமான பட்டகம். பேகே4 என்ற கண்ணாடியில் செய்த பட்டகம் வட்டத்தைத் தரும். பிகே7 பெரும்பாலும் ஓரத்தில் நிழல் விழ வைக்கும்.

மூன்றாவது சோதனைதான் முக்கியம். தூரத்தில் ஒரு மொட்டை மாடிச் சுவரின் மேல்விளிம்பையோ மின்கம்பியையோ பாருங்கள். பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்குங்கள். இடது கண் கோடும் வலது கண் கோடும் மேலும் கீழுமாகப் பிரிந்தால் இரண்டு குழலும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று பொருள். நம் மூளை கொஞ்ச நேரம் அதைச் சமாளிக்கும். பத்து நிமிடத்தில் தலைவலி வரும். 'பைனாகுலர் எனக்கு ஒத்துவராது' என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் இந்தக் கோளாறுதான். ஒருமுறை கீழே விழுந்தாலும் இது வரலாம் என்பதால் பழையது வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மின்கம்பத்தில் காக்கை உட்கார்ந்திருந்தால் அதையும் பாருங்கள். வெளுத்த வானத்துக்கு எதிரே அதன் விளிம்பில் ஊதா நிறக் கோடு எவ்வளவு தடிமனாகப் படிகிறது? எல்லாக் கருவியிலும் கொஞ்சம் இருக்கும். காக்கைக்குச் சரிகைக் கரை போட்டதுபோல் தெரிந்தால் வேண்டாம்.

மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடே பாருங்கள். ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிய பிறகும் முழு வட்டம் தெரிய வேண்டும்; விவரக் குறிப்பில் கண் தூரம் (ஐ ரிலீஃப்) 16 மி.மீ.க்கு மேல் இருந்தால் நல்லது. கடைக்காரர் பெரும்பாலும் சொல்லித் தராத இன்னொன்று: வலது கண்ணுக்கு மட்டும் ஒரு திருகு இருக்கும். வலது குழலை மூடி, இடது கண்ணுக்கு நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். அப்புறம் இடதை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல் வலது திருகால் மட்டும் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமல் ஒரு பைனாகுலரையும் நல்லது கெட்டது என்று சொல்லிவிட முடியாது.

பணம் குறைவா? நேர்க்குழல் மாதிரியை விட, முன்பக்கம் அகன்று பின்பக்கம் ஒடுங்கிய பழைய போரோ மாதிரியில் அதே விலைக்குக் காட்சி நன்றாக இருக்கும். ஒலிம்பஸ் 8×40, நிக்கான் அகுலான் 8×42 போன்றவை அந்த ரகம். ஆனால் மழை தாங்காது. மழைக்காட்டுக்குப் போகிறவர் நைட்ரஜனோ ஆர்கானோ அடைத்து முத்திரையிட்ட, தண்ணீர் புகாத மாதிரிக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. நிக்கான் மோனார்க், வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் வரிசைகளில் இது கிடைக்கும்.

விளக்கு: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்

டார்ச்சுகளை அளக்க ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று ஒரு தர முறை இருக்கிறது. பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் எண்களுக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம். ஆனால் அதிலும் இரண்டு சூட்சுமம் உண்டு. 'தூரம் 200 மீட்டர்' என்றால், அந்தத் தூரத்தில் முழு நிலவு அளவு வெளிச்சம் (0.25 லக்ஸ்) விழும் என்றுதான் பொருள். அங்கே நிற்பது பசுவா காட்டெருமையா என்று தெரியும் என்று அர்த்தம் இல்லை. பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். 'நேரம் 10 மணி' என்றால், வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் வரை எண்ணிய நேரம் அது.

பொய்யைப் பிடிக்க ஒரு பள்ளிக்கூடக் கணக்கு போதும். 3.6 வோல்ட், 3.5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 12.6 வாட்-மணி. ஒரு வாட்டுக்கு நூறு லூமன் என்று வையுங்கள். 1,000 லூமனுக்கு 10 வாட் வேண்டும். ஆக ஒன்றேகால் மணி நேரம். கைக்கு அடக்கமான, ஒரே பேட்டரி போட்ட டார்ச் '1,000 லூமனில் 8 மணி நேரம்' என்று எழுதியிருந்தால், சில நிமிடத்தில் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும் என்று புரிந்துகொள்ளுங்கள். நல்ல கம்பெனிகளும் இதைச் செய்கின்றன, சூடு தாங்க வேண்டுமே. அவர்கள் குறிப்பேட்டில் ஒப்புக்கொள்வார்கள் என்பதுதான் வித்தியாசம்.

நடப்பதற்கு 100 முதல் 200 லூமன் தாராளம். கையில் பிடிக்கும் டார்ச்சை விட நெற்றியில் கட்டும் ஹெட்லேம்ப்தான் முதலில் வாங்க வேண்டியது. கூடாரம் கட்டவும் கயிறு முடியவும் இரண்டு கையும் வேண்டும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை: தொடக்கத்திலேயே குறைந்த வெளிச்சத்தில் எரிகிறதா, பைக்குள் தானாக எரிந்து தீராமல் பூட்டும் வசதி இருக்கிறதா, சிவப்பு விளக்குக்கு வெள்ளையைத் தாண்டாமல் நேரே போக முடிகிறதா. கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் ஆகிறது. ஒரே ஒரு வெள்ளை மின்னல் போதும், அவ்வளவும் வீண்.

சிவப்பு விளக்கு நமக்காக மட்டும் அல்ல. கரூர், திண்டுக்கல் பக்கம் கடவூர் மலைகளில் வாழும் தேவாங்கு மாதிரியான இரவு விலங்குகளை ஆய்வாளர்கள் சிவப்பு ஒளியில்தான் பார்க்கிறார்கள். வெள்ளை டார்ச்சை அதன் கண்ணில் அடித்தால் அது மரத்தில் அப்படியே உறைந்துபோகும்.

ஒளியின் நிறத்தையும் பாருங்கள். நீலம் கலந்த வெள்ளை கடையில் பளிச்சென்று இருக்கும். காட்டில் சருகு, வேர், மண் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். 4,000 முதல் 5,000 கெல்வின் வரை உள்ள இளமஞ்சள் சாயல் ஒளியில் வேரும் விரியனும் வேறுவேறாகத் தெரியும். எனக்கு இது லூமனை விடப் பெரிய விஷயம்.

தண்ணீர் தாங்கும் தரத்தை ஐபிஎக்ஸ் என்ற எண்ணால் சொல்வார்கள். மழைக்கு ஐபிஎக்ஸ்4 போதும். ஓடையில் விழுந்தாலும் பிழைக்க வேண்டுமென்றால் ஐபிஎக்ஸ்7. ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும். சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடி தளர்வாக இருந்தால் இந்த எண்ணுக்கெல்லாம் அர்த்தம் இல்லை. விரலால் இழுத்துப் பாருங்கள்.

கத்தி: சின்னது போதும்

காட்டில் கத்திக்கு என்ன வேலை? கயிறு அறுப்பது, பிளாஸ்டர் வெட்டுவது, பழம் நறுக்குவது, முகாமில் தீ மூட்ட அனுமதி இருந்தால் குச்சி சீவுவது. பத்து செ.மீ. அலகு இதற்கெல்லாம் தாராளம்.

ஸ்வீடன் நாட்டு மோரா கம்பேனியன் கத்தியை உலகம் முழுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அலகு 2.5 மி.மீ. தடிமன்தான். விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இறங்குவதால், அந்தச் சரிவைக் கல்லில் அப்படியே படியவைத்துத் தேய்த்தால் புதிதாகக் கற்பவருக்கும் கூர் வரும். மடக்குக் கத்தி வேண்டுமென்றால் பிரெஞ்சு ஓபினெல் 8ஆம் எண் இருக்கிறது. பூட்ட ஒரு வளையம், மரக் கைப்பிடி, அவ்வளவுதான். அதில் ஒரு குறை உண்டு. தென்மேற்குப் பருவமழையில் மரம் ஊறிப் பருத்து, அலகு வெளியே வராமல் அடம்பிடிக்கும். கைப்பிடி முனையைக் கல்லில் தட்டித்தான் திறக்க வேண்டியிருக்கும்.

எஃகில் கார்பன் ரகம் எளிதில் கூர் ஏறும், மழையில் ஒரே இரவில் துரு பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ரகத்தில் தீட்டக் கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும், பராமரிப்பு குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலை ஈரத்துக்கு நான் ஸ்டெயின்லெஸ் பக்கம். கடினத்தன்மை 56 முதல் 60 எச்ஆர்சி வரை இருந்தால் சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் வீட்டில் தீட்டுவது பாடு, விளிம்பு உடையவும் வாய்ப்பு.

'டமாஸ்கஸ்' என்று அலை அலையாகக் கோலம் போட்ட கத்திகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. பழைய டமாஸ்கஸ் வாள்களோடு பெயர் சேர்ந்த ஊட்ஸ் எஃகு நம் பக்கத்துச் சரக்கு. ஈரோடு மாவட்டக் கொடுமணலில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இன்றைக்கு அந்தப் பெயரில் விற்பது பல தகடுகளை அடுக்கிக் காய்ச்சி அடித்தது, அது வேறு தொழில். மலிவானவற்றில் அதுகூடக் கிடையாது, மேலே கோலம் மட்டும் பொறித்திருப்பார்கள். அலகின் முதுகைப் பாருங்கள். அலை முதுகு வழியாக அடுத்த பக்கத்துக்குத் தொடர்ந்தால் அடுக்கு உண்மை. முதுகு வழவழவென்று இருந்தால் வெறும் கோலம்.

கடையில் செய்ய வேண்டிய மற்ற சோதனைகள் சுலபமானவை. அலகின் விளிம்பை மேலே திருப்பி விளக்குக்கு நேரே பிடியுங்கள். நல்ல கூர் ஒளியைத் திருப்பாது. எங்காவது வெள்ளிப் புள்ளி மின்னினால் அந்த இடம் மொட்டை. செய்தித்தாளின் ஓரத்தை ஒரே இழுப்பில் கீற வேண்டும். உறையில் போட்டுத் தலைகீழாகக் குலுக்குங்கள், ஆனால் கீழே கால் இருக்க வேண்டாம். உள்ளங்கையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்துப் பார்ப்பது என் பழக்கம். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. மழையிலும் வியர்வையிலும் கை விளிம்புக்குச் சறுக்குவதை விட அது மேல்.

தோட்ட வேலைக்கு என்றால் இதெல்லாம் வேண்டாம், ஊர்ப் பட்டறைக்குப் போங்கள். லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்கு ஈடாக இறக்குமதி எதையும் நான் கண்டதில்லை. திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் சும்மா வரவில்லை. கொல்லரிடம் எந்த வேலைக்கு என்று சொன்னால் எடையையும் வளைவையும் அதற்கேற்றபடி அமைத்துத் தருவார்.

ஒரே ஓர் எச்சரிக்கை. நல்ல கத்தியைத் தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். பொறி பறக்கும்போது விளிம்பில் நீல நிறம் ஏறினால், அங்கே எஃகு 300 டிகிரி பக்கம் சூடாகிவிட்டது. அந்த இடத்தில் பதம் போய்விடும். எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. 1,000 எண் தண்ணீர்க் கல் ஒன்று வாங்கி வீட்டிலேயே தீட்டலாம்.

இரவுக் கருவி: பணம் வேகமாகக் கரையும் கடை

இரவில் காட்டும் கருவிகள் மூன்று ஜாதி. மூன்றையும் 'நைட் விஷன்' என்ற ஒரே பெயரில் விற்பதால்தான் குழப்பம்.

முதலாவது, நிலவு, நட்சத்திர ஒளியையே பல மடங்கு பெருக்கிக் காட்டும் குழாய். பச்சை நிறக் காட்சி இதிலிருந்துதான் வந்தது. ஜென் 1, 2, 3 என்று தலைமுறை சொல்வார்கள். மேல் தலைமுறைகள் ராணுவச் சரக்கு, அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதிக்குக் கடும் கட்டுப்பாடு. நமக்கு இதில் வேலை இல்லை.

இரண்டாவது டிஜிட்டல். கேமரா சென்சாரும் ஓர் அகச்சிவப்பு விளக்கும் சேர்ந்தது. விளக்கு 850 நானோமீட்டர் என்றால் தூரம் நன்றாகப் போகும், ஆனால் கருவியின் முகப்பில் மங்கலாகச் சிவப்புத் தெரியும். 940 என்றால் கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறையும். தோட்டத்து வேலியைத் தாண்டி வருவது மாடா பன்றியா என்று பார்க்க, 100 மீட்டருக்குள், குறைந்த செலவில் இதுதான் சரி. மூடுபனியில் மட்டும் பயன்படாது. விளக்கின் ஒளி பனியிலேயே பட்டுத் திரும்பி வெள்ளைச் சுவராக நிற்கும்.

மூன்றாவது தெர்மல். இது ஒளியைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கிறது. 8 முதல் 14 மைக்ரான் அலைநீள வெப்பக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. அதனால் இதன் லென்ஸ் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்தது, விலையும் அதனால்தான். ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்து வெளியே பார்க்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

விளம்பரம் '1,200 மீட்டர்' என்று சொல்லும். அது ஏதோ ஒன்று இருக்கிறது என்று ஒரு புள்ளி தெரியும் தூரம். நீங்களே கணக்குப் போடுங்கள். பிக்சல் அளவை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, விலங்கு நிற்கும் தூரத்தால் பெருக்க வேண்டும். 12 மைக்ரான் பிக்சல், 25 மி.மீ. லென்ஸ் என்றால் 100 மீட்டரில் ஒரு பிக்சலுக்குள் அடங்குவது 4.8 செ.மீ. 500 மீட்டரில் 24 செ.மீ. முக்கால் மீட்டர் உயரக் காட்டுப்பன்றி அந்தத் தூரத்தில் மூன்றே பிக்சல் உயரம். மூன்று பிக்சலில் பன்றி, நாய், குனிந்து நிற்கும் மனிதர் எல்லாம் ஒன்றுதான். இன்ன விலங்கு என்று சொல்லக் குறைந்தது பன்னிரண்டு பிக்சலாவது வேண்டும் என்று வைத்தால், இந்தக் கருவியின் உண்மையான தூரம் 130 மீட்டர்.

மலையடிவாரத்தில் மாமாவின் நிலக்கடலைக் காட்டில் இரவல் வாங்கிய ஒன்றை ஒரு சித்திரை இரவில் சோதித்தோம். ஏழரை மணிக்கு எதுவுமே புரியவில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த பாறைகள் எல்லாம் விலங்கு மாதிரியே ஒளிர்ந்தன. மாமா ஒரு பாறையை இருபது நிமிடம் காவல் காத்தார். அதிகாலை நான்கு மணிக்கு அதே கருவியில் வரப்பில் ஓடும் எலிகூடத் தெளிவாகத் தெரிந்தது. குளிர்நாட்டு விளம்பரப் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம் ஊரில் காற்றே 32 டிகிரியில் நிற்கும்போது உடம்புக்கும் சுற்றத்துக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு. அதனால் இங்கே என்இடிடி என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு சிறிய வெப்ப வித்தியாசத்தைப் பிரித்தறியும் என்பதை மில்லிகெல்வினில் சொல்வது அது. குறைவாக இருந்தால் நல்லது. 25க்கு அருகில் இருந்தால் நம் புழுக்கத்திலும் பயன்படும்.

256×192 சென்சார் பக்கத்து வேலிக்கு. 384×288 தோட்டத்துக்கு. 640×512 வைத்திருப்பவரிடம் இரவல் கேளுங்கள். காட்சி விநாடிக்கு 9 முறை மட்டும் மாறுகிற மாதிரி என்றால் நடக்கும் விலங்கு தத்தித் தத்திப் போகும். 25 அல்லது அதற்கு மேல் பாருங்கள். எதை வாங்கினாலும் மாலையில் ஒருமுறையும் விடியலில் ஒருமுறையும் சோதித்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

மீதிச் சில்லறை

ஷூவை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள். இறக்கத்தில் நிற்பதுபோல் முன்னால் சாய்ந்தால் பெருவிரல் இடிக்கக் கூடாது. அட்டைக் காலுறை நெருக்கமாக நெய்த பருத்தியில், முழங்காலுக்குக் கீழ் வரை, ஷூவுக்குள் போடுவது. சாதாரணக் காலுறையின் கண்ணி வழியே அட்டை உள்ளே போய்விடும். பைக்குள் மழைக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை போதும், வெளியே மாட்டும் உறையைக் காற்று தூக்கிவிடும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எல்லாவற்றையும் ஒருமுறை வதைத்துப் பார்த்துவிட வேண்டும். டார்ச்சை முழு சார்ஜில் எரியவிட்டு நேரம் குறியுங்கள். தண்ணீர் புகாது என்று எழுதியிருந்தால் எழுதிய அளவுக்கு வாளியில் போடுங்கள். கழற்றும் பேட்டரியைத் தராசில் வையுங்கள். பைனாகுலரில் மாடியிலிருந்து தொடர்ந்து இருபது நிமிடம் பாருங்கள்.

அப்புறம் எங்கே வைப்பது என்ற கேள்வி. என் முதல் பைனாகுலரைத் தோல் உறையோடு கோத்தகிரியில் ஓர் உறவினர் வீட்டு அலமாரியில் ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. சுத்தம் செய்யக் கேட்ட கூலி அதன் விலையில் பாதி. இப்போது இறுக மூடும் சமையலறை டப்பா ஒன்று, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். 60ஐத் தொட்டால் ஜெல்லை வாணலியில் போட்டுச் சிறு தீயில் வறுத்து, ஆறியதும் திரும்ப உள்ளே வைக்கிறேன். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது என்பது வீட்டில் போட்ட உத்தரவு.